மூன்று கேள்வி, ஒரே பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

லக்சம்பர்க் என்றால் பலருக்கு வங்கிகள்தான் நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு கணக்கெடுப்புப் படிவம்.

1941 அக்டோபர். நாடு ஹிட்லரின் பிடியில் இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் மூன்று கேள்விகள்: குடியுரிமை எது, தாய்மொழி எது, இனம் எது? கூடவே ஒரு குறிப்பு. லக்சம்பர்கிஷ் வெறும் வட்டார வழக்கு, அதைத் தாய்மொழி என்று எழுதக் கூடாதாம். அதாவது, 'ஜெர்மன்' என்று நீயே உன் கையால் எழுதிக் கொடு! எதிர்ப்பாளர்கள் ரகசியமாகத் துண்டறிக்கை விட்டார்கள்: மூன்றுக்கும் லக்சம்பர்க் என்றே எழுதுங்கள். மாதிரிக்குச் சில படிவங்களைப் பார்த்து, பெரும்பாலும் அதே பதில் இருப்பதைக் கண்ட அதிகாரிகள் கணக்கெடுப்பையே ரத்து செய்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த மொழியை அவர்கள் அதிகம் எழுதியவர்கள் இல்லை. வீட்டில் பேசுவது லக்சம்பர்கிஷ், பள்ளியில் எழுதப் படிக்கக் கற்பது ஜெர்மன், சட்டம் இருப்பது பிரெஞ்சில். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவில் 2,586 சதுர கிலோமீட்டரில் வாழ்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் கிடையாது. லக்சம்பர்கிஷ் சட்டப்படி தேசிய மொழியானதே 1984இல்தான்.

சரி, இன்றைக்கு? குடியிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். அவர்களில் போர்த்துக்கீசியர்களே அதிகம். தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வந்து போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வீட்டில் போர்த்துக்கீஸ் பேசும் பிள்ளை, பள்ளிக்குப் போனதும் ஜெர்மனில் எழுத்துக் கூட்ட வேண்டும். பாவம்தான். 2022இல்தான் சில பள்ளிகளில் பிரெஞ்சு வழியாக எழுத்தறிவு கற்பிக்கும் முயற்சி தொடங்கியது.

நீண்ட காலம் வாழ்ந்த வெளிநாட்டவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரலாமா என்று 2015இல் மக்களிடமே கேட்டார்கள். 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எனக்கு இது உறுத்துகிறது, ஆனால் முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சின்ன நாடு, அந்தப் படிவத்தை மறக்காத நாடு.

வாக்கு வேண்டுமென்றால் குடியுரிமை வாங்கு என்பதுதான் அவர்கள் கணக்கு. அதற்குப் பொதுவாக ஒரு மொழித் தேர்வு எழுத... இல்லை, எழுத வேண்டாம், பேச வேண்டும். ஒரு படத்தைக் காட்டி அதில் என்ன தெரிகிறது என்று லக்சம்பர்கிஷில் சொல்லச் சொல்வார்கள். ஏதாவது ஒரு பொருள் பற்றிக் கொஞ்சம் பேச்சு, அப்புறம் ஒலிப்பதிவைக் கேட்டுப் புரிந்துகொள்கிறாரா என்று ஒரு சோதனை. அந்த மொழியில் ஒரு வரிகூட எழுதச் சொல்வதில்லை.