சும்மா கிடக்கும் லெப்டொப்பை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. லெப்டொப் பகல் முழுக்க சும்மா கிடக்கிறது. பொயின்க் (BOINC) மென்பொருளைப் போட்டு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். மெஷின் பழுதாகுமா? கரண்ட் பில் ஏறுமா? என்னுடைய பழைய ஐ3 மெஷினால் யாருக்கு என்ன பிரயோசனம்?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன் தம்பி. அதைப் படித்தபோது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நம்மிடம் இருப்பது சின்னது என்றால் எதற்கும் உதவாது என்று நம் பிள்ளைகள் சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு மலையை ஒரே ஆள் கொழுந்தெடுத்து முடிக்க முடியாது. ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். பொயின்க் செய்வதும் அதேதான். பெரிய கணக்கைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பும். உங்கள் கணினி தன் பங்கை முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். பல திட்டங்களில் ஒரே வேலையை இரண்டு கணினிகளுக்குக் கொடுத்து, விடைகள் பொருந்தினால்தான் ஏற்பார்கள். அதனால் மெஷின் மெதுவானதா வேகமானதா என்பது பெரிய விஷயமில்லை. கொடுத்த தவணைக்குள் முடித்தால் போதும்.

2010இல், பொயின்க் வழியாக ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற வானியல் திட்டத்தில் ஒரு பல்சார் கிடைத்தது. பல்சார் என்பது வேகமாகச் சுழலும், செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரிசிபோ வானொலித் தொலைநோக்கியின் தரவில் ஒளிந்திருந்த அதைக் கண்டது அமெரிக்காவில் ஒரு தம்பதியின் வீட்டுக் கணினியும் ஜேர்மனியில் இன்னொருவருடைய கணினியும்தான். மஸ்கெலியாவில் இருக்கும் கணினிக்கும் அதே வேலைதான் வரும்.

சரி, பழுதாகுமா? சூட்டைக் கவனிக்காமல் விட்டால் ஆகலாம். குளிர் ஊர்தானே, சூடாகாது என்று நினைக்க வேண்டாம். போன மாதம் ஒரு பிள்ளையின் லெப்டொப்பைக் கழற்றினேன். அடுப்புப் புகையும் கம்பளி நூலும் சேர்ந்து, காற்று வெளியேறும் தகட்டின் மேல் கறுப்பாக, விரல் தடிப்பில் கம்பளித் துண்டு மாதிரி ஒட்டியிருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்று வெளியே வரவில்லை. அந்த நிலையில் பொயின்க் ஓடினால் எந்த மெஷினும் தாங்காது. முதலில் சின்ன பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். பலகை மேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பென்சிலைக் குறுக்கே வைத்துத் தூக்கிவிடுங்கள்.

அப்புறம் பொயின்க்கின் அமைப்புகளுக்குள் போய், எத்தனை சதவீத சிபியுக்களை (கணக்குப் போடும் பகுதிகளை) பயன்படுத்தலாம் என்ற இடத்தில் 50 என்று போடுங்கள். பக்கத்திலேயே சிபியு நேரத்தைக் குறைக்கும் பெட்டியும் இருக்கும். அதைக் குறைத்தால் வேலை விட்டு விட்டு ஓடும், சூடும் ஏறி இறங்கும். எனக்கு அது பிடிக்காது, 100இலேயே விட்டுவிடுங்கள். வெப்பம் காட்டும் ஒரு மென்பொருளையும் வைத்து அரைமணி நேரம் பாருங்கள். 80 பாகையைத் தாண்டினால் இன்னும் குறையுங்கள். பேட்டரியில் இருக்கும்போது நிறுத்து என்ற இடத்தில் சரி போட்டிருக்கிறதா பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போனால் வேலை தானாக நின்றுவிடும். அவ்வப்போது சேமித்து வைப்பதால், கரண்ட் வந்ததும் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். நீங்கள் லெப்டொப்பைப் பாவிக்கும்போதும் நிறுத்தி வைக்கும்படி சொல்லலாம்.

கரண்ட் பில்லைத்தான் நான் அதிகம் யோசித்தேன். லெப்டொப் 35 வாட்ஸ் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் ஓட்டுகிறீர்கள் என்று வைப்போம். மாதம் எட்டரை யூனிட்டுக்குக் கிட்ட வரும். கேட்கச் சின்னதுதான். ஆனால் நம் நாட்டில் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 58 யூனிட்டில் நிற்கும் வீட்டை இந்த எட்டு யூனிட் மேல் கட்டத்துக்குத் தள்ளிவிடும். அதனால் பழைய பில்கள் மூன்றை எடுத்துப் பாருங்கள். கட்டத்தின் விளிம்பில் நின்றால் 3 மணித்தியாலம் மட்டும் ஓட்டுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பில் கட்டுவது அவர்தானே.

டேட்டாவுக்கும் வழி இருக்கிறது. இத்தனை நாளுக்கு இத்தனை எம்பிதான் என்று எல்லை போடலாம், எந்த நேரத்தில் இணையத்தைத் தொடலாம் என்றும் குறிக்கலாம். இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தையே கொடுங்கள்.

இதில் ஒரு சதமும் வராது. கிரெடிட் என்று ஏறும் எண் வெறும் புள்ளி. பொயின்க் போட்டால் சம்பளம் என்று யாராவது சொன்னால், பணம் கேட்டால், அந்தப் பக்கமே போகாதீர்கள். மென்பொருளை பொயின்க்கின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பள்ளிக்கூடக் கணினியில் அதிபரிடம் கேட்காமல் போடவே கூடாது.

எதில் சேர்வது? ஐன்ஸ்டைன் அட் ஹோமில் ஆரம்பியுங்கள். புரதங்களில் ஆர்வம் இருந்தால் ரொசெட்டா அட் ஹோம் இருக்கிறது. அது 2024இல் வேதியியலுக்கு நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வுகூடத்தோடு சேர்ந்தது. உயிரியல் படித்த பிள்ளைக்கு அது கிட்ட வரும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுச் சின்ன மெஷினைத் திணறடிக்க வேண்டாம்.

பல்கலைக்கழகம் கிடைத்து லெப்டொப்பைக் கொண்டுபோகும் நாள் வரும்போது, பாதி வேலையோடு அழித்துவிடாதீர்கள். புதிய வேலை வேண்டாம் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு, கையிலுள்ளதை முடித்து அனுப்பிய பிறகு நீக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிரைக்காக அங்கே தவணை முடியும்வரை காத்திருப்பார்கள்.