ரத்தத்துல இருக்கிற இரும்பைக் கேத்தல் இழுக்குமா?

[காட்சி: தலவாக்கலைப் பக்கம் ஒரு லயம். விடியக்காலைப் பனி. ஜன்னலோரம் கரண்டுக் கேத்தல்.]

கேத்தல் சுவிட்ச்சைப் போட்டதும் எங்க அம்மாயி எழும்பிப் போய் விறகடுப்புப் பக்கத்துல உக்காந்துக்குவாங்க. "ரத்தத்துல இரும்பு இருக்குன்னு கிளினிக்ல சொல்றாங்க. கரண்டுல காந்தம் இருக்கு. நரம்பை இழுத்துறாதா?"

நல்ல கேள்வி. கரண்டு ஓடுற எந்த வயரைச் சுத்தியும் காந்தப்புலம் இருக்கத்தான் செய்யும். நம்ம வீட்டுக் கரண்டுக்கு 50 ஹேர்ட்ஸ், அந்தப் புலமும் அதே வேகத்துல திசை மாறி மாறி ஆடும்.

[திரையில்: ஒரு ஆணி, பக்கத்துல ஒரு சிவப்பணு.]

ஆனா ரத்தத்துல இருக்கிறது ஆணி இரும்பு இல்ல. ஆணிக்குள்ள கோடிக்கணக்கான அணுக்கள் கூட்டமா ஒரே பக்கம் திரும்பும், அதனாலதான் காந்தத்துல ஒட்டுது. சிவப்பணுவுல ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபின்ல இரும்பு அணுக்கள் தனித்தனியாப் பூட்டிக் கிடக்கு. 1936ல லைனஸ் பாலிங், சார்ல்ஸ் கொர்யெல்னு ரெண்டு வேதியியல் விஞ்ஞானிங்க அளந்தே காட்டினாங்க: ஒட்சிசன் ஏறின ரத்தத்தைக் காந்தம் லேசாத் தள்ளுது, ஒட்சிசன் இறங்கினதை லேசா இழுக்குது.

எவ்வளவு லேசா? காந்தப்புலத்தை டெஸ்லாங்கிற அலகுல அளப்பாங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிற வழக்கமான எம்.ஆர்.ஐ. மெஷின்ல 1.5 டெஸ்லா. அதுக்குள்ள படுத்த ஆளுக்கும் ரத்தம் அதுபாட்டுக்கு ஓடுது. உங்க ஸ்திரிக்கைப் பெட்டியில இருந்து ஒரு அடி தள்ளினா 0.3 மைக்ரோடெஸ்லாதான், எம்.ஆர்.ஐ.யில 50 இலட்சத்துல ஒரு பங்கு. முடி காய வைக்கிற டிரையர் மட்டும் தலையோட ஒட்டிப் பிடிச்சா நிறையக் காட்டும். அதுவும் ஒரு அடியில 7 மைக்ரோடெஸ்லாவுக்குள்ள வந்துரும். பொதுமக்களுக்கு வச்சிருக்கிற சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. 2007ல உலக சுகாதார அமைப்பு எல்லா ஆய்வையும் அலசிப் பார்த்தப்பவும், இதய, ரத்தக்குழாய் நோய்க்கு இந்தப் புலம் காரணம்னு சான்று தேறல.

இதயத் துடிப்பைச் சீராக்குற பேஸ்மேக்கர் கருவி வச்சிருக்கிறவங்க மட்டும் இன்டக்ஷன் அடுப்புக்கு ரெண்டு அடி தள்ளி நில்லுங்க.

[காட்சி: கரி படிஞ்ச அடுப்படிச் சுவர்.]

எனக்குப் பயம் அம்மாயி போய் உக்காந்த இடத்தை நெனச்சுத்தான். விறகுப் புகையில இருக்கிற நுண்துகள் நுரையீரலுக்குள்ள ஆழமாப் போய் அழற்சியைக் கிளப்புது. அது ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுக்குது, குழாய் விரிஞ்சு குடுக்காம இறுகுது, பிரஷர் ஏறுது. மாரடைப்பு, பக்கவாதம் ரெண்டுக்கும் வீட்டுப் புகை ஒரு காரணம்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க. மழையும் குளிருமா இருக்கிற நம்ம ஊர்ல கதவை வேற சாத்திக்கிறோம்.

எங்க வீட்டுப் புகைபோக்கி பல வருசமா அடைஞ்சு கிடந்தது. போன மாசம் மாமா ஏறித் தட்டிவிட்டாரு, ஒரு சாக்கு நிறையக் கரி விழுந்துச்சு. இப்ப அம்மாயிக்குப் பிளேன்டீத் தண்ணி கேத்தல்லதான் கொதிக்குது.