பாரிஸ்: பலகையில் உள்ள எண்ணைப் பாருங்கள்

[காட்சி: தெருமுனைச் சுவரில் பச்சை விளிம்பு போட்ட நீலப் பலகை]

வணக்கம். பாரிஸில் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் இந்தப் பலகை இருக்கும். தெருப் பெயர் இருக்கட்டும், அதற்கு மேலே சின்னதாக ஓர் எண் இருக்கிறதே, அதைப் பாருங்கள். 6, 16, 18 என்று ஏதாவது இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவரிடம் அந்த எண்ணைச் சொன்னால் போதும். வாடகை எவ்வளவு, அக்கம்பக்கத்தில் யார் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுவார்.

[காட்சி: நகர வரைபடம், 1 முதல் 20 வரை சுருளாக]

அது வட்டார எண். மொத்தம் 20 வட்டாரங்கள். லூவர் அருங்காட்சியகம் உள்ள நடுப்பகுதி 1. அங்கிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே போகும்.

இந்தச் சுருளுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை சொல்வார்கள். 1860 வரை இருந்தவை 12 வட்டாரங்கள்தான். அதனால் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களை, ‘13ஆம் வட்டாரத்தில் கல்யாணம் செய்தவர்கள்’ என்று கிண்டலடிப்பார்கள். சுற்றுப்புற ஊர்களைச் சேர்த்து 20 ஆக்கியபோது, மேற்கே வசதியானவர்கள் வாழ்ந்த பாஸி பகுதிக்கு அந்த 13 வந்து விழப் பார்த்தது. சும்மா இருப்பார்களா? எண் போடும் முறையையே மாற்றவைத்து 16ஐ வாங்கிக்கொண்டார்கள். 13 தென்கிழக்கே ஏழைகளின் தலையில் கட்டப்பட்டது. இன்று அங்கே ஒரு பெரிய சைனாடவுனே இருக்கிறது. 16 இன்றும் பணக்கார எண்தான்.

மேற்கு வசதி, கிழக்கு உழைப்பு என்ற கோடு இன்னும் முழுசாக அழியவில்லை. 1871இல் தொழிலாளர்கள் அரசை எதிர்த்து நகரத்தைத் தங்கள் கையில் எடுத்த பாரிஸ் கம்யூன் எழுச்சி தொடங்கியது மோன்மார்த்ர் குன்றில். கடைசித் தடுப்பரண்கள் விழுந்தது கிழக்கே பெல்வில் பக்கம். இரண்டுமே தொழிலாளர் பகுதிகள். மோன்மார்த்ரில் இப்போது செல்ஃபி கூட்டம், அதைப் பற்றி எல்லா வீடியோவிலும் பார்த்திருப்பீர்கள். நான் பெல்வில் பக்கம்தான் போகச் சொல்வேன்.

[காட்சி: வெளிர்க்கல் கட்டடம், கேமரா கீழிருந்து மேலே]

அப்புறம், இந்தக் கட்டடம். 1853 முதல் ஓஸ்மான் என்ற நிர்வாகி பழைய சந்துகளை இடித்துப் போட்ட அகலச் சாலைகளின் முத்திரை இது. கீழே கடை. இரண்டாம் மாடியில் பால்கனி வைத்த வீடு, அது பணக்காரருக்கு. உச்சியில், துத்தநாகக் கூரைக்கு அடியில், வேலைக்காரப் பெண்களுக்குக் குட்டி அறைகள். லிஃப்ட் வந்ததும் எல்லாம் தலைகீழ்: மேல்மாடிகளுக்கு மவுசு கூடிவிட்டது. குட்டி அறைகளுக்கு மட்டும் விடிவு இல்லை. வாடகைக்கு விடக் குறைந்தது 9 சதுர மீட்டர் வேண்டும் என்பது சட்டம். அந்த 9 சதுர மீட்டருக்குள்தான் பல மாணவர்கள் சமைத்து, படித்து, தூங்குகிறார்கள்.

[காட்சி: இரும்புத் தூண்கள் மேல் ஓடும் மெட்ரோ]

சரி, நம்ம ஆட்கள் எங்கே? 10க்கும் 18க்கும் நடுவில், லாச்சப்பலில். 1983க்குப் பிறகு போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கடை கடையாக எழுப்பிய இடம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நடந்தால் புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய் அடுக்கிய மளிகைக்கடை எல்லாம் தமிழ்ப் பலகையோடு வரும். சாயங்காலமானால் கொத்துரொட்டித் தட்டுச் சத்தம். இத்தனைக்கும் கடைக்காரர்கள் எல்லாரும் இங்கே குடியிருப்பதில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் பலர் புறநகரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறார்கள்.

பக்கத்திலேயே 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியை ஒட்டித் தேர். அன்று போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தெருவில் குவித்த தேங்காய்கள் சிதற, பிரெஞ்சுக்காரர்கள் ஜன்னலில் நின்று படம் எடுப்பார்கள்.

போகிறவர்கள் மெட்ரோ 2ஆம் வழித்தடத்தில் லா ஷப்பேல் நிறுத்தத்தில் இறங்குங்கள், நம்ம ஆட்கள் லாச்சப்பல் என்பது இதைத்தான். தேர் அன்று கார் எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.