மாதிரி ஐநா மாநாடு: திருப்பூர்ப் பிள்ளைக்கு மாலி நாடு கிடைத்தால்

[திரையில்: பள்ளி அரங்கம், மேசைகளில் நாட்டின் பெயர் எழுதிய அட்டைகள்]

வணக்கமுங்க. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது "எம்.யு.என்." என்ற பேர் அடிக்கடி காதில் விழுகிறது. பணம் கட்ட வேண்டும், கோட்டு வேண்டும், இரண்டு நாள் பள்ளிக்கு லீவு வேண்டும் என்று பிள்ளை வந்து நிற்கும்போது பெற்றோர் முதலில் கேட்பது, "இதுக்குப் போனா மார்க்கு ஏதாச்சும் வருமாங்க?" என்பதுதான். மார்க்கு வராது. வேறு என்ன வரும், எப்போது வரும், எப்போது ஒன்றும் வராமல் போட்டோ மட்டும் மிஞ்சும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

மாதிரி ஐக்கிய நாடுகள் மாநாடு, அதுதான் எம்.யு.என். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஐநா சபையில் நடப்பது மாதிரியே ஒரு விஷயத்தை விவாதித்து, பேரம் பேசி, கடைசியில் ஒரு தீர்மானம் எழுதி ஓட்டுக்கு விடுவார்கள். பேச்சுப் போட்டியோடும் பட்டிமன்றத்தோடும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே எதிராளியை மடக்கினால் ஜெயித்தீர்கள். இங்கே எதிராளி உங்கள் தீர்மானத்துக்குக் கை தூக்கினால்தான் ஜெயித்தீர்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

ஐநா 1945இல் 51 நாடுகளோடு தொடங்கியது, இன்று 193 நாடுகள். ஆனால் இந்த மாதிரி மாநாட்டுப் பழக்கம் அதைவிடப் பழையது. 1920களிலேயே, ஐநாவுக்கு முன்பிருந்த பன்னாட்டுச் சங்கத்தைப் பார்த்து, பல்கலைக்கழக மாணவர்கள் இப்படி நடத்தியிருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். 1938இல் பன்னாட்டுச் சங்கத்துக்கு இந்தியாவின் சார்பில் போனார். 1944 ஜூலையில், அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற மலை ஊரில் 44 நாடுகள் கூடி உலக வங்கிக்கும் சர்வதேச நாணய நிதியத்துக்கும் அடித்தளம் போட்டபோது, இந்தியக் குழுவில் ஒருவராக அங்கே உட்கார்ந்திருந்தார். அப்போது நாம் இன்னும் வெள்ளைக்காரன் ஆட்சியில்தான் இருந்தோம், குழுவின் தலைவரே ஒரு ஆங்கிலேயர். அந்த நிலையிலும் இங்கிலாந்து நமக்குத் தர வேண்டிய போர்க்காலப் பாக்கியைப் பற்றி இந்தியக் குழு அந்த மாநாட்டிலேயே கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அது அத்தனை நாட்டுக்கு முன்னாலும் பதிவானது. கை கட்டப்பட்ட நிலையில் ஒரு நாட்டுக்காகப் பேசுவது எப்படி என்று படிக்க விரும்புகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

[திரையில்: அட்டையை உயர்த்திப் பிடிக்கும் கைகள்]

சரி, உள்ளே என்ன நடக்கும்? முதலில் வருகைப் பதிவு. "பிரசன்ட்" என்றும் சொல்லலாம், "பிரசன்ட் அண்ட் வோட்டிங்" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லிவிட்டால் கடைசி ஓட்டெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது, ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லியே ஆக வேண்டும். புதுப் பிள்ளைகள் பக்கத்து சீட்டைப் பார்த்து அதையே சொல்லிவிட்டு, மறுநாள் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம் பேச்சாளர் பட்டியல், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் போல. நடுவில் யாராவது அட்டையைத் தூக்கி ஒரு மோஷன், அதாவது ஒரு கோரிக்கை, கொண்டுவந்தால், ஒரு குறிப்பிட்ட துணைத் தலைப்பில் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று சுருக்கமாகப் பேசும் விவாதம் நடக்கும், அதற்கு மாடரேட்டட் காகஸ் என்று பேர். எல்லாரும் எழுந்து நடமாடிப் பேசுவது அன்மாடரேட்டட் காகஸ். இந்த விதிகள் ஒரு வாரத்தில் பழகிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பழக நாளாவது நாட்டைப் பிடிப்பதற்குத்தான். ஒரு உதாரணத்தை முழுசாகவே பார்த்துவிடுவோம்.

திருப்பூரில் பத்தாவது படிக்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. நூல் விலை ஏறினால் வீட்டில் சாப்பிடும்போதுகூட அதுதான் பேச்சு. அவளுக்கு உலக வர்த்தக அமைப்பு கமிட்டி கிடைக்கிறது, தலைப்பு பருத்தி மானியம், நாடு மாலி. (உலக வர்த்தக அமைப்பு ஐநாவின் உறுப்பு இல்லை, ஆனால் இந்த மாநாடுகளில் அதையும் நடத்துவார்கள்.) திருப்பூருக்குப் பருத்தி மலிவாகக் கிடைத்தால் நல்லது. மாலிக்கோ பருத்தி விலை ஏறினால்தான் நல்லது. மேற்கு ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத நாடு அது. விளைந்த பருத்தி பக்கத்து நாட்டுத் துறைமுகத்துக்குத் தரை வழியாகப் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியத்தால் உலகச் சந்தையில் விலை அடிபடுகிறது, அந்த அடி எங்கள் விவசாயி தலையில் விழுகிறது என்று மாலி, பெனின், புர்கினா ஃபாஸோ, சாட் ஆகிய நான்கு நாடுகள் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. உதவி கொடுங்கள் என்று அவர்கள் போய் நிற்கவில்லை. மானியத்தை எடுங்கள், எடுத்து முடிக்கும் வரை எங்களுக்கு நஷ்ட ஈடு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2005 டிசம்பரில் ஹாங்காங்கில், பணக்கார நாடுகள் பருத்திக்கான ஏற்றுமதி மானியத்தை நிறுத்துவது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. உள்நாட்டு மானியம்தான் இன்னும் இழுபறி.

ஆக அந்தப் பெண் தன் வீட்டுக்கு எது லாபமோ அதற்கு நேர் எதிராக, இரண்டு நாள், மனசாரப் பேச வேண்டும். எம்.யு.என். என்ற மொத்த ஏற்பாட்டின் மதிப்பும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. மாலி விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை வீட்டில் நூல் விலைப் பேச்சு வரும்போது, பருத்தி விளைவிப்பவன் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி கேட்பாள். எத்தனை பாடப்புத்தகம் படித்தாலும் இது அவ்வளவு சுலபமாக வராது.

நாட்டைப் பிடித்தாயிற்று, இனி யார் நண்பர், யார் எதிரி? அமெரிக்கா எதிர்க்கும், அது தெரிந்ததுதான். பிரேசில் நண்பன் மாதிரித் தெரியும், ஏனென்றால் 2002இல் அமெரிக்கப் பருத்தி மானியத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்ததே அவர்கள்தான். ஆனால் 2014இல் 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டு அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள், இது தெரியாமல் பிரேசிலை நம்பிக் கூட்டணி கட்டினால் பாதி வழியில் நிற்க வேண்டியதுதான். பங்களாதேஷ் பருத்தியை இறக்குமதி செய்து துணியாக்கும் நாடு, விலை ஏற வேண்டும் என்று அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள்? இந்தியா இன்னும் சிக்கல். ஏழை நாடுகள் பக்கம் என்று பேசும், ஆனால் நமக்கும் பருத்திக்கு குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறது, அது உலக வர்த்தக அமைப்பு அனுமதிக்கிற வரம்பைத் தாண்டுகிறது என்று 2018இல் அமெரிக்கா அதே அமைப்பில் நம் மேலும் புகார் சொல்லியிருக்கிறது. அதனால் தீர்மானத்தில் "எல்லா மானியங்களையும் நீக்க வேண்டும்" என்று எழுதினால் இந்திய அட்டை கீழேயே இருக்கும். "வளர்ந்த நாடுகள் தரும், விலையைச் சிதைக்கும் மானியங்கள்" என்று எழுதிப் பாருங்கள், அதே இந்தியா கையெழுத்துப் போட வாய்ப்பிருக்கிறது. இன்னொன்று, உலக வர்த்தக அமைப்பில் நடைமுறையில் எண்ணிக்கை ஓட்டுக்கு வேலையே இல்லை, ஒருமித்த கருத்தோடுதான் முடிவு. அமெரிக்காவைத் திட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டு, அவர்கள் எழுந்து போய்விட்டால் மாலிக்கு ஒன்றும் மிஞ்சாது.

[திரையில்: மாணவர்கள் கும்பல் கும்பலாக நின்று பேசுகிறார்கள்]

இந்த வேலை எல்லாம் மைக் முன்னால் நடப்பதில்லை, எல்லாரும் எழுந்து நடமாடும் அந்தக் காகஸில்தான் நடக்கிறது. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்கு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது தெரியும், இதுவும் அப்படித்தான், சத்தம் ஒரு பக்கம், வியாபாரம் இன்னொரு பக்கம். மைக்கில் நன்றாகப் பேசிவிட்டு இந்த நேரத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் உங்கள் நாட்டுக்கு வேண்டிய இரண்டு வரியை எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். காகிதம் கையில் இருப்பவரைச் சுற்றித்தான் ஆட்கள் கூடுவார்கள்.

அடுத்தது தீர்மானம் எழுதுவது. முதல் பாதியில் ஏன் இந்தத் தீர்மானம் என்ற காரணங்கள், இரண்டாம் பாதியில் எண் போட்டு என்ன செய்யப் போகிறோம் என்பது. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் "அனைத்து நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும்", "விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், அதனால் எதுவும் நடக்கவும் நடக்காது.

இப்படி எண் போட்டு எழுதுகிற ஒவ்வொன்றும் ஒரு ஷரத்து. நல்ல ஷரத்து எப்படி இருக்கும் என்று பார்க்க நியூயார்க் வரைக்கும் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பி.ஏ.பி. தண்ணீர், அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், தமிழ்நாடும் கேரளாவும் 1970 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நடக்கிறது. கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, அளக்கும் இடம் மணக்கடவு தடுப்பணை, 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை. எவ்வளவு, எங்கே அளப்பது, எப்போது திரும்பிப் பார்ப்பது, மூன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகும் சண்டை வரத்தான் செய்கிறது, ஆனால் என்ன எண்ணைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். உங்கள் தீர்மானத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் இந்த மூன்று கேள்வியால் தட்டிப் பாருங்கள்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. பொதுச்சபைத் தீர்மானத்தில் "கட்டளையிடுகிறது", "படையை அனுப்புகிறது" என்று எழுதுவார்கள். பொதுச்சபை உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைக்கத்தான் முடியும். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் முடிவு எடுக்கிற அதிகாரம் 15 நாடுகள் இருக்கிற பாதுகாப்புச் சபைக்கு, அங்கேயும் 9 ஓட்டு வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐந்து பேரில் ஒருவர்கூட வீட்டோ போடக் கூடாது.

ஆங்கிலத்தைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் எனக்கே நிறைவாக இருக்காது. நம்ம பக்கத்து மாநாடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணம் வைத்து, பெரிய பள்ளிகளில் நடக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வாசல் வரைக்கும்கூட வருவதில்லை. ஐநா சபையிலேயே ஆறு அதிகாரப்பூர்வ மொழிகள் இருக்கின்றன, அதற்கு வெளியே உள்ள மொழியில் பேச நினைத்தால் மொழிபெயர்ப்பை நாமே ஏற்பாடு செய்துகொண்டு பேசலாம் என்று விதியும் இருக்கிறது. 1977இல் வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசினார். அப்படியிருக்க, கோபிசெட்டிபாளையத்தில் நடக்கிற மாதிரி ஐநாவில் ஒரு பிள்ளை தமிழில் பேசினால் என்ன குறைந்துவிடும்? பருத்திக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் இங்கே ஆறாவது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். நடத்துகிறவர்கள் ஒரே ஒரு கமிட்டியையாவது தமிழில் வையுங்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காதீர்கள், இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், உங்கள் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமை தொடங்கலாம். ஒரு வகுப்பறை, அட்டைகள், சுவரில் ஒரு கடிகாரம், தலைமைக்கு சமூக அறிவியல் ஆசிரியர், அவ்வளவுதான். எந்த நாடு எப்படி ஓட்டுப் போட்டது என்பதெல்லாம் ஐநாவின் மின்நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தலைப்புக்கு நான் சொல்வது, நாடுகளைக் கடந்து ஓடும் ஆறுகளைப் பற்றிய 1997ஆம் ஆண்டு ஐநா உடன்படிக்கை. பொதுச்சபையில் 103 நாடுகள் ஆதரித்தன, மூன்று நாடுகள் எதிர்த்தன: துருக்கி, சீனா, புருண்டி. இந்தியாவும் பாகிஸ்தானும் நடுநிலை, நைல் நதியின் மேல்பக்கம் இருக்கிற எத்தியோப்பியாவும் கீழ்ப்பக்கம் இருக்கிற எகிப்தும்கூட நடுநிலை. ஏன் என்று பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும். நம்ம பிள்ளைகள் கடைமடை விவசாயியின் நியாயத்தைச் சொல்லிக்கொடுக்காமலே பேசுவார்கள், அதனால் துருக்கிக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற சிரியாவுக்கும் ஈராக்குக்கும் ஆள் சுலபமாகக் கிடைத்துவிடும். துருக்கியை மட்டும் வகுப்பிலேயே நன்றாகப் படித்துத் தயாராகிற பிள்ளைக்குக் கொடுங்கள். யூப்ரடீஸ், டைகிரிஸ் இரண்டும் உற்பத்தியாகிற நாடு, எதிர்த்து ஓட்டுப் போட்டதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது, அதை அந்த அறையில் ஒருவர் சரியாகச் சொல்லியாக வேண்டும்.