விசுவாசிங்க அழலாமா? தம்பி போனதுக்கு அப்புறம் பேசற முதல் வீடியோ

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்ச நாளா வீடியோ போடல, காரணம் உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். தம்பி விபத்துல போயிட்டான். எப்படி நடந்துச்சுன்னு இன்னிக்கும் பேசப் போறதில்ல. அதுக்கு தெம்பு இல்ல. ஆறுதல்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க இல்ல, அதுல எது நின்னுச்சுன்னு மட்டும் சொல்றேன்.

நிக்காததை முதல்ல சொல்லிடறேன். "விசுவாசிங்க அழக்கூடாது." அடக்க ஆராதனையிலேயே அம்மா காதுல வந்து சொன்னாங்க. அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதின கடிதத்தை வச்சுத்தான் சொல்வாங்க. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதானே அங்க இருக்கு? துக்கமே படாதீங்கன்னு எங்க இருக்கு? இயேசுவை விசுவாசிச்ச ஸ்தேவானைக் கல்லெறிஞ்சு கொன்னப்போ, தேவபக்தி உள்ளவங்கதான் அவரை அடக்கம் பண்ணி பெரிய துக்கம் கொண்டாடினாங்க. அப்போஸ்தலர் 8, போய்ப் பாருங்க.

இன்னொண்ணு, "ஏதோ பாவம் இருந்திருக்கும், அதான்." இதுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல, இயேசுவே சொல்லிட்டார். எருசலேம்ல சீலோவாம்ங்கிற இடத்துல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தாங்க. மத்தவங்களைவிட அவங்க பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களா, அப்படி இல்லன்னார். லூக்கா 13.

சரி, நின்னது எதுன்னா, யோவான் 11. மார்த்தாள், மரியாள்னு ரெண்டு சகோதரிங்க, அவங்க சகோதரன் லாசரு செத்த வீடு. சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான், ஆனா இந்தத் தடவை வேற மாதிரி பட்டுச்சு. இயேசு வந்ததும் மார்த்தாள் ஓடிப் போய்ச் சொல்றா, "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரம் கழிச்சு மரியாள் வர்றா, அவளும் அதையேதான் சொல்றா. வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் இதையே சொல்லிச் சொல்லி அழுதிருப்பாங்க போல. நானும் அதேதான் கேட்டேன். அவங்க அளவுக்கு மரியாதையா கேக்கல, அவ்வளவுதான். அப்படிப் பேசினதுக்கு அவர் ரெண்டு பேர்ல யாரையும் கோவிச்சுக்கல. மார்த்தாகிட்ட உயிர்த்தெழுதலைப் பத்திப் பேசறார். மரியாகிட்ட அந்த விளக்கம்கூட இல்ல. எங்க வச்சீங்கன்னு கேக்கறார், அழறார். இன்னும் கொஞ்ச நேரத்துல லாசருவை உயிரோட எழுப்பப் போறார், அது அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதார் பாருங்க, அதைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

ஆனா லாசரு நாலாம் நாள் வந்துட்டான், என் தம்பி வரல. கடைசி நாள்ல எழுந்திருப்பான்னு விசுவாசிக்கிறேன், அதுல சந்தேகம் இல்ல. ஆனா காலைல பல் விளக்கப் போனா அவன் பிரஷ் என் பிரஷ் பக்கத்துல நிக்குது. எடுக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியல. அந்த நேரத்துக்கு கடைசி நாள் ரொம்ப தூரமா இருக்கு.

ஜெபம் பண்ண வாய் வராதப்போ 88ஆம் சங்கீதத்தைச் சத்தமா வாசிச்சேன். மத்த புலம்பல் சங்கீதம் பெரும்பாலும் முடியறப்போ ஒரு நம்பிக்கை வரி வந்துடும், இது இருட்டுலயே முடியுது. அதையும் கர்த்தர் வேதத்துல வச்சிருக்காரே! அப்போ என் பேச்சும் அவருக்குப் புதுசு இல்லன்னு தோணுச்சு.

அப்புறம் சபைல ஒரு ஆன்ட்டி. தினம் வந்தாங்க, ஒரு வசனம்கூட சொல்லல, பாத்திரம் எல்லாம் கழுவி வச்சுட்டு அம்மா பக்கத்துல உக்காந்திருந்துட்டுப் போனாங்க. வேதத்துல, பிள்ளைங்களை எல்லாம் இழந்த யோபுவோட சிநேகிதங்களும் ஏழு நாள் பேசாம தரையில உக்காந்திருந்தாங்க, நல்லாத்தான் இருந்தாங்க. வாயைத் திறந்தப்புறம்தான் வம்பு. கடைசில கர்த்தர் அவங்க மேலதான் கோவப்படறார்.

தூக்கம், சாப்பாடு இல்லாம நாள் கணக்கா போச்சுன்னா ஜெபத்தோட டாக்டரையும் பாருங்க. அது அவிசுவாசம் இல்ல.

அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டீங்க. இன்னும் சபைக்கு வரல. துதிப் பாட்டு ஆரம்பிச்சா தாங்க முடியல அவங்களுக்கு, நானும் வற்புறுத்தல. பாட்டெல்லாம் முடிஞ்சு செய்தி நேரத்துக்கு வந்து கடைசி வரிசைல உக்காரலாம்னு பாஸ்டர்கிட்ட பேசி வச்சிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை வர்றாங்களான்னு பாப்போம்.