இதற்குமுன் நடவாத வழி

(மயிலாடுதுறையில் ஒரு உபவாசக் கூட்டத்தில் கொடுத்த தேவசெய்தியின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே, இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகிறேன்.

இங்கே பயணத்துக்கு நிற்கிறவர்கள் அநேகர். நர்ஸ் வேலைக்கு வளைகுடா போகிற மகள் இருக்கிறாள். சிங்கப்பூர் போகிற தம்பி இருக்கிறான். கணவரை அடக்கம்பண்ணிவிட்டு, இனி வீட்டை எப்படி நடத்துவது என்று திகைத்து உட்கார்ந்திருக்கிற அம்மா ஊரைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அவரும் தெரியாத வழியில்தான் நடக்கிறார்.

உங்களுக்காக யோசுவா மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். இஸ்ரவேலர் யோர்தான் கரையில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். வனாந்தரத்தில் நடத்திவந்த மோசே இப்போது இல்லை, யோசுவா நடத்துகிறார். அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. அப்போது கட்டளை பிறக்கிறது: கர்த்தர் கூட இருக்கிறார் என்பதற்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டி முன்னே போகும், நீங்கள் பின்னே போங்கள், ஆனால் இரண்டாயிரம் முழம் இடைவெளி விடுங்கள். இதற்குமுன் நீங்கள் நடக்காத வழி இது, போகவேண்டிய வழி உங்களுக்குத் தெரியவேண்டும் என்று வேதமே காரணமும் சொல்கிறது.

இரண்டாயிரம் முழம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முன்வரிசைக்காரர் பெட்டியை மொய்த்துக்கொண்டால், கடைசியில் கைக்குழந்தையோடு வருகிற தாய்க்கு என்ன தெரியும்? எல்லார் கண்ணுக்கும் பெட்டி தெரியவே அந்த இடைவெளி என்று நான் வாசிக்கிறேன். நாமோ ஆண்டவரை முந்திக்கொண்டு ஓடுகிறோம். அடுத்த ஐந்து வருஷத்தையும் இன்றைக்கே காட்டும் என்று கேட்கிறோம். யோர்தான் கரையில் அவர்களுக்குக் கிடைத்தது முன்னே போகிற பெட்டி மாத்திரமே.

பெட்டியைச் சுமந்த ஆசாரியரின் கால் தண்ணீரில் பட்ட பிறகுதான் ஆறு நின்றது. எங்கே நின்றது? மேலே, ஆதாம் என்கிற ஊரண்டையில். கரையில் நின்றவர்கள் கண்ணுக்கு அந்த ஊர் எட்டாது. கர்த்தர் அவர்கள் பார்க்காத இடத்தில் வேலை செய்தார். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? மழை குடகில் பெய்கிறது, மதகு மேட்டூரில் திறக்கிறது, கடைமடை விவசாயி இரண்டையும் பார்ப்பதில்லை. வழக்கமாக மதகு திறக்கிற ஜூன் 12 நெருங்கும்போது வறண்ட வாய்க்காலைத் தூர்வாரிவிட்டுக் காத்திருக்கிறார். மதகு சில வருஷம் திறக்காமலும் போகும், அந்த வேதனை உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கிற நம் தகப்பனோ மறப்பதில்லை.

பக்கத்திலே தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே கரையிறங்கினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பியவர்கள். இவர்களை எங்கே அனுப்புவது என்று முதலில் பேசப்பட்டபோது வேறு தேசங்களின் பெயர்தான் அடிபட்டது. வந்த இடத்தில் டேனிஷ் கோட்டை அதிகாரியே முகம்கொடுக்கவில்லை. சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1708-இல் அந்த அதிகாரியே அவரைச் சிறையில் அடைத்தார். நாலு மாதம் உள்ளே இருந்தார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. 1719-இல் மரித்தபோது அவருக்கு வயது 36. கர்த்தர் நடத்தினால் கஷ்டமே வராது என்று போதிக்கிறவர்கள், அவர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிற புதிய எருசலேம் ஆலயத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பெற்றோர் கேளுங்கள். விசுவாசம் என்று சொல்லிக்கொண்டு ஏஜென்ட் நீட்டுகிற காகிதத்தில் கண்ணைமூடிக் கையெழுத்துப் போடாதீர்கள். யோசுவா ஆற்றைக் கடக்குமுன் அக்கரையில் இருந்த எரிகோ பட்டணத்துக்கு வேவுகாரரை அனுப்பினார். விசா எந்த வகை, சம்பளம் எவ்வளவு, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று விசாரியுங்கள். விசாரிப்பது அவிசுவாசம் அல்ல.

சிறையிலும் சீகன்பால்கு எழுதிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மிகவும் ஆறுதல். போன இடத்தில் கதவு அடைபட்டால் கர்த்தர் கைவிட்டார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பிள்ளைகளே. ஜெபியுங்கள். வீட்டுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லுங்கள். அங்கே ஒரு சபையைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

இந்த வருஷம் புறப்படுகிறவர்கள் எல்லாரும் முன்னே வாருங்கள். கணவரை இழந்த சகோதரிகளே, நீங்களும் வாருங்கள். வெளிதேசத்தில் இருந்து திரும்பிய பெரியவர்கள் இவர்கள் தலைமேல் கைவைத்து, பெயர் சொல்லி ஜெபியுங்கள். அவசரம் வேண்டாம். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை.