காயின் பேட்டரியில் ஓடும் கருவிக்கு எந்த மெம்ஸ் ஆசிலேட்டர்?

அடுத்த கேள்வி, ஈசூனிலிருந்து ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் அனுப்பியது. வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கும் செடித்தொட்டிகளின் ஈரத்தை மணிக்கு ஒருமுறை அளந்து, நேரத்தோடு பதிவு செய்யும் கருவி ஒன்றைச் செய்கிறார். சிஆர்2032 என்ற காயின் பேட்டரியில் ஓட வேண்டும். 2.0-க்கு 1.6 மில்லிமீட்டர் அளவில், 1.8 வோல்ட்டில் ஓடும் 8 மெகாஹெர்ட்ஸ் மெம்ஸ் ஆசிலேட்டர் (நுண்ணிய சிலிக்கான் அதிர்வியால் கடிகாரத் துடிப்பைத் தரும் பாகம்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. அளவு சரிதான். மற்ற இரண்டும் உங்கள் வேலைக்குப் பொருந்தாது.

வோல்ட்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 வோல்ட் என்று விற்கும் பாகத்தின் டேட்டாஷீட்டில் பெரும்பாலும் 1.62 முதல் 1.98 வரை என்றுதான் போட்டிருக்கும். உங்கள் பேட்டரி புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கொடுக்கும், தீரும் நேரத்தில் 2 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த முழு இறக்கத்தையும் தாங்குகிற பாகம்தான் வேண்டும்.

கரண்ட் இன்னும் முக்கியம். மெகாஹெர்ட்ஸ் வகை மெம்ஸ் ஆசிலேட்டர்களில் பல, 3 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 3.5 என்றே வைத்துக்கொள்வோம். சிஆர்2032-இல் இருப்பது சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பாருங்கள், 63 மணி நேரம் வருகிறது. சென்சாரும், கருவியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரும் எதுவுமே எடுக்காவிட்டாலும் மூன்று நாளைக்குள் பேட்டரி காலி! உங்கள் கருவியோ மணிக்குச் சில நொடிதான் விழித்திருக்கப் போகிறது.

அதனால் 32.768 கிலோஹெர்ட்ஸ் மெம்ஸ் வாங்குங்கள். சைடைம் நிறுவனத்தின் எஸ்ஐடி1533 போன்றவை 1.5 முதல் 3.63 வோல்ட் வரை ஓடும், எடுப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர்தான். அளவும் 2.0-க்கு 1.2, நீங்கள் பார்த்ததைவிடச் சின்னது. தூங்கும் நேரத்தை அது எண்ணட்டும். விழித்ததும் கணக்குப் போட, கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) ஆசிலேட்டர் போதும்.

சாதாரண குவார்ட்ஸ் கிரிஸ்டல் போதாதா என்றால், வேறு கருவிக்குப் போதும். ஆனால் 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலை ஓட்டும் கரண்ட் மிக மிகக் குறைவு. போர்டில் ஈரமோ, சால்டர் செய்யும்போது தடவும் ஃப்ளக்ஸின் அழுக்கோ படிந்து கொஞ்சம் கசிந்தால்கூட அதிர்வு நின்றுவிடலாம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில், அதுவும் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்குப் பக்கத்தில், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மெம்ஸில் சிலிக்கான் அதிர்வியும் அதை ஓட்டும் சர்க்யூட்டும் ஒரே உறைக்குள் மூடியிருக்கின்றன.

மெம்ஸ் என்றாலே துல்லியம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வெப்பநிலைத் திருத்தம் இல்லாத வகையில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பிசகலாம், அதாவது ஒரு நாளைக்கு 8.6 நொடி. செடிக்கு இது ஒன்றுமே இல்லை. நேரம் சரியாக இருந்தே ஆக வேண்டும் என்றால் வெப்பநிலைத் திருத்தம் உள்ள 5 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ வகை இருக்கிறது, மாதத்துக்கு 13 நொடிக்குள் நிற்கும். விலை கூடுதல். அப்புறம், ப்ளூடூத் சேர்க்கும் யோசனை இருந்தால் ரேடியோவுக்கு அந்தச் சிப் கேட்கும் மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத் தனியாக வைத்தே ஆக வேண்டும், இது அதற்கு மாற்று இல்லை.

இணைக்கும்போது கிரிஸ்டலுக்குப் போடும் இரண்டு லோட் கெப்பாசிட்டர்களும் வேண்டாம். அவுட்புட்டை கன்ட்ரோலரின் 32 கிலோஹெர்ட்ஸ் இன்புட் காலில் கொடுங்கள், பக்கத்துக் காலை விட்டுவிடுங்கள், புரோகிராமில் பைபாஸ் முறையை (வெளியிலிருந்து வரும் துடிப்பை நேராக எடுத்துக்கொள்ளும் முறை) தேர்ந்தெடுங்கள். சப்ளை காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. அதுவும் ஃப்ளக்ஸும் சிம் லிம் டவரிலேயே கிடைக்கும். இதே குடும்பத்தில் 1.5-க்கு 0.8 அளவிலும் ஒன்று உண்டு. அதன் சால்டர் முனைகள் அடியில் மறைந்திருக்கும், ஹாட் ஏர் பழக்கம் இல்லாதவர்கள் முதல் போர்டில் அதைத் தொட வேண்டாம்.